வினியாலெஸ்: இரண்டு பாறைகளும் ஒரு புகையிலை ஊரும்

கியூபாவின் தலைநகர் ஹவானாவிலிருந்து மேற்கே பினார் டெல் ரியோ நகரம்வரை நெடுஞ்சாலை பெரும்பாலும் தட்டையான நிலத்தில்தான் போகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பி வினியாலெஸுக்குப் போகும் கடைசி 25 கிலோமீட்டரில்தான் சாலை வளையத் தொடங்குகிறது. இருபுறமும் பைன் மரங்கள். கரீபியத் தீவில் பைன் காடா என்று புதிதாக வருபவர்கள் வியப்பதுண்டு. மண்ணைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்: சத்தற்ற, புளிப்பேறிய, மஞ்சளும் சிவப்புமாக உதிரும் மண். வேறு மரம் அதில் செழிக்காது. இப்படியே மேடும் பள்ளமுமாகப் போய் லோஸ் ஹஸ்மினெஸ் என்ற மேட்டை அடைந்ததும் பைன் சட்டென்று நின்றுவிடுகிறது. கீழே தட்டையான செம்மண் வயல்கள். அவற்றின் நடுவிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப்பாறைக் குன்றுகள். பக்கங்கள் சுவர்போல, உச்சி மட்டும் உருண்டையாக. கியூபாவில் இவற்றை மொகோத்தே என்பார்கள். சில குன்றுகள் 300 மீட்டர்வரை உயர்ந்தவை.

சுற்றுலாப் பேருந்துகள் இந்த மேட்டில் கால் மணி நேரம் நிற்கும்; எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். பார்க்க வேண்டியது படத்தில் விழுவதைவிட, பைன் நின்று போகும் அந்தக் கோட்டைத்தான். இரண்டு பாறைகள் அங்கே தொட்டுக்கொள்கின்றன. இந்த ஊரின் குன்று, குகை, மண், புகையிலை, அடிமைகள் ஒளிந்த இடம், இன்றைக்குப் பயணி நடக்கும் பாதை எல்லாம் அந்தத் தொடுகோட்டிலிருந்துதான் கிளம்புகின்றன.

பைன் நிற்கும் பக்கம் ஜுராசிக் காலத்து மணற்பாறையும் களிப்பாறையும். இந்த மாவட்டத்திலேயே உள்ள சான் கயெத்தானோ என்ற சிற்றூரின் பெயரைத்தான் புவியியலாளர்கள் இந்தப் பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள். நீர் இதற்குள் எளிதில் இறங்காது. மழை பெய்தால் மேலேயே ஓடி ஓடைகளாகச் சேரும். மறுபக்கம் சுண்ணாம்புப்பாறை. நீர் இதைக் கரைக்கும், இதன் விரிசல்களில் புகுந்து காணாமலும் போகும். பைன் காட்டு மண்ணின் புளிப்பை ஏற்றிக்கொண்டு வரும் ஓடைகள் சுண்ணாம்புப்பாறையின் காலடியில் போய் முட்டுகின்றன. அங்கே கரைப்பு மிக வேகமாக நடக்கிறது. ஈர மண் ஆண்டு முழுக்கப் பாறையின் அடியை அணைத்துக் கிடப்பதும் அதே வேலையைச் செய்கிறது. மேலிருந்து தேய்வதைவிட அடியில் அரிப்பது அதிகம் என்பதால் குன்று சரிவாகக் குறையாமல், அடி குடைந்து, பக்கம் உடைந்து விழுந்து, செங்குத்தாகவே பின்வாங்குகிறது. எந்த மொகோத்தேயின் அடிக்குப் போனாலும் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை விளிம்பும் அதற்குக் கீழே குடைந்த வளைவும் தெரியும்.

குன்றுகளுக்கு இடையே உள்ள தட்டை நிலம் ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அல்ல. கரைப்பால் அகன்ற தாழ்நிலம் அது. பைன் மலையிலிருந்து அடித்து வரும் மண் அதன் தரையில் படிந்திருக்கிறது. மழைக்காலத்தில் சில மூலைகளில் நீர் தேங்கும். அங்கே நிலத்தடி வாய் அடைத்துக்கொண்டது என்று பொருள். இப்படிப் பல தாழ்நிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: ஊரை ஒட்டிய பெரியது, மேற்கே இரண்டு சகோதரிகள் என்று பெயர் பெற்ற தோஸ் எர்மானாஸ், வடக்கே சான் விசென்தே, அங்கோன், மௌனப் பள்ளத்தாக்கு. நாற்புறமும் குன்று சூழ்ந்து, குகை வழியாக மட்டுமே உள்ளே போகக்கூடிய சிறு குழிகளும் உண்டு. உள்ளூரார் இவற்றை ஓயோ என்பார்கள். கரும்புத் தோட்டங்களிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் தப்பிய அடிமைகளுக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடைத்திருக்காது: வாசல் ஒன்றுதான், உள்ளே மண், நீர், வெளிச்சம் மூன்றும் உண்டு.

குன்றின் உச்சியில் மண் கிடையாது. மழை பாறையைக் கத்திமுனைகளாகச் செதுக்கி வைத்திருக்கிறது. நாய்ப்பல் என்பது அதற்கு ஊர்ப்பெயர். விழுந்தால் கை கிழியும், மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணி ஒரே நாளில் தேயும். அந்த விரிசல்களில் வேர்விட்டு வாழும் செடிகள் தனி இனம். அடிமரம் பானைபோல் பருத்து அதில் நீர் சேமிக்கும் செய்போன் மரம், பாறை முகட்டில் ஒல்லியாக வளைந்து நிற்கும் மலைப்பனை. இவற்றோடு, பினார் டெல் ரியோ மாகாணத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத பால்மா கோர்ச்சோ. இது பனை போலத் தோன்றும், பனை அல்ல. சைக்கஸ் வரிசையைச் சார்ந்த பழங்காலச் செடி. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வளர்ச்சி மிக மெதுவு. காட்டில் மிச்சமிருக்கும் மரங்கள் ஒன்றுக்கொன்று தூரமாக நிற்பதால் மகரந்தம் சேர்வதே அரிதாகிவிட்டது. மிகக் கடுமையாக அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலில் இருக்கிறது. குன்றுக்குக் குன்று நத்தைகளும் மாறுபடுகின்றன. சுண்ணாம்பு இருந்தால்தான் நத்தைக்கு ஓடு. வயலைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் போக அதனால் முடியாது. ஆகவே ஒவ்வொரு மொகோத்தேயும் அவற்றுக்கு ஒரு தீவு.

இனி குகை. பைன் மலை ஓடைகள் சுண்ணாம்புக் குன்றை முட்டினால் சுற்றிப் போவதில்லை, ஊடுருவிப் போகின்றன. தாழ்நிலத்தின் தரை காலப்போக்கில் இறங்க இறங்க, ஓடையும் புதிய வழி தேடிக் கீழே இறங்கும். பழைய சுரங்கம் மேலே வறண்டு தொங்கும். எனவே ஒரே குன்றுக்குள் மாடி மாடியாகக் குகைகள். பொதுவாக, உயரத்தில் இருப்பது மூத்தது, ஆறு ஓடுவது இளையது. ஊரிலிருந்து மேற்கே எல் மொன்காதா குடியிருப்பை ஒட்டிய சாந்தோ தோமாஸ் பெருங்குகையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். எட்டு அடுக்குகள், அளந்து வரைந்த சுரங்கம் மட்டும் 46 கிலோமீட்டருக்கு மேல். 1950களில் அந்தோனியோ நூனியெஸ் ஹிமெனெஸும் அவருடைய குகையாய்வுச் சங்கத்தாரும் இதை முறையாக ஆராயத் தொடங்கினார்கள். பயணிகளை மேலடுக்குகளில் ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். உள்ளே மின்விளக்கு கிடையாது. தலைக்கவசமும் விளக்கும் கொடுப்பார்கள். வாசலை அடையச் செங்குத்தாக ஏற வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்வது நல்லது.

ஊருக்கு வடக்கே உள்ள குவேவா தெல் இந்தியோ, அதாவது இந்தியர் (இங்கே தீவின் பூர்வகுடியினர்) குகை, இதற்கு நேர்மாறு. மின்விளக்கு, படிக்கட்டு, கொஞ்சம் நடை, பிறகு நிலத்தடி ஆற்றில் மோட்டார் படகு, மறுபக்கம் வெளியேறும் இடத்தில் கடைகள். நண்பகலில் ஹவானா பேருந்துகள் வந்து சேரும்போது வரிசையில் நிற்பதே பெரிய வேலை. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சாந்தோ தோமாஸுக்குப் போங்கள்.

இந்தப் பாறைகளுக்குள் இன்னொரு சேமிப்பும் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் பழைய மணற்பாறைக்கும் இடைப்பட்ட அடுக்கில் உருண்டையான கல் முடிச்சுகள் கிடைக்கும். வடிவத்தைப் பார்த்து உழவர்கள் அவற்றைப் பாலாடைக்கட்டி என்று அழைப்பார்கள். உடைத்தால் உள்ளே அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் பழங்காலக் கடலுயிர், மீன், சில வேளை கடல் ஊர்வனவற்றின் எலும்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூப இயற்கையியலாளர் கார்லோஸ் தெ லா தோர்ரே இங்கு எடுத்த அம்மோனைட்டுகளைக் கொண்டுதான் கியூபாவில் ஜுராசிக் பாறை உண்டு என்பது உறுதியானது. இந்தப் பகுதியில் கிடைத்த நீள்கழுத்துக் கடல் ஊர்வன ஒன்றுக்கு 2002இல் வினியாலெஸாரஸ் என்று பெயர் சூட்டினார்கள். ஊர்ப்பெயரைத் தாங்கிய இன்னொன்று வானத்திலிருந்து வந்தது: 2019 பிப்ரவரி 1 அன்று நண்பகல் கடந்த சற்று நேரத்தில், பிளோரிடாவின் தென்தீவுகள்வரை தெரிந்த ஒரு தீக்கோளம் வெடித்து, கறுத்த ஓடு போர்த்திய சிறு கற்கள் ஊரிலும் வயல்களிலும் விழுந்தன. விண்கல் பட்டியலில் அதன் பெயரும் வினியாலெஸ்தான்.

தோஸ் எர்மானாஸில் ஒரு குன்றின் முகத்தையே சுவராக்கி, நத்தையிலிருந்து மனிதன்வரை பரிணாமத்தைத் தீட்டியிருக்கிறார்கள். மெக்சிகோவில் சுவரோவியர் தியேகோ ரிவேராவிடம் பயின்ற லெயோவிகில்தோ கொன்சாலெஸ் 1960களின் தொடக்கத்தில் செய்தது; உயரம் 120 மீட்டர். உழவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு தூரிகை பிடித்தார்கள். இன்றும் அப்படித் தொங்கித்தான் நிறம் புதுப்பிக்கிறார்கள், ஏனென்றால் சுண்ணாம்புப்பாறை கரைந்துகொண்டே இருக்கும், வண்ணம் நிற்காது. என் கருத்தைக் கேட்டால், அந்தக் குன்றை வெறுமனே விட்டிருக்கலாம். உடைத்த ஒரு கல் முடிச்சு சொல்வதைவிட அந்தச் சுவர் கூடுதலாக எதையும் சொல்லவில்லை.

ஊரின் கதை புகையிலையோடுதான் தொடங்குகிறது, ஆனால் இங்கே அல்ல. 1717இல் ஸ்பானிய அரசு கியூபப் புகையிலை முழுவதையும் தானே வாங்கும் என்று சட்டம் போட்டது. விலை அரசு சொல்வது. ஹவானாவைச் சுற்றியிருந்த புகையிலை உழவர்கள் 1717, 1720, 1723 என மூன்று முறை கிளர்ந்தார்கள். கடைசி முறை பிடிபட்டவர்களைக் கொன்று, உடல்களை ஹேசூஸ் தெல் மோந்தே சாலையில் தொங்கவிட்டார்கள். இந்த ஏகபோகம் 1817இல்தான் ஒழிந்தது. கண்காணிப்பு எட்டாத மேற்குக் கோடிக்கு உழவர்கள் நகர்ந்ததில் இதற்கும் பங்குண்டு. வினியாலெஸ் தாழ்நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாட்டுப் பண்ணைகளும் சிதறிய குடிகளுமாக இருந்தன. குடியேறியவர்களில் கணிசமானோர் கானரித் தீவுகளிலிருந்து வந்தவர்கள். சிறு நிலம், குடும்ப உழைப்பு, அடிமைகள் குறைவு. கரும்புக்கு வேண்டிய அகன்ற சமவெளியும் ஆலையும் இங்கே பொருந்தாதது இந்த ஊரின் அதிர்ஷ்டம். 1870களில் ஊர் இன்றைய வடிவத்துக்கு வந்தது: நீளமாக ஒரே முதன்மைத் தெரு, அதில் ஒட்டி ஒட்டி ஓட்டுக்கூரை வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் தூண் வைத்த திண்ணை, திண்ணையில் ஆடுநாற்காலிகள். நடுவில் விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி பெயரில் ஒரு பூங்கா, அருகே தேவாலயம். அவ்வளவுதான் ஊர், தெருவின் எந்தக் குறுக்குச் சந்தில் திரும்பினாலும் சில நிமிடத்தில் வயல்.

ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் கிளர்ச்சித் தளபதி மாசேயோவின் படை 1896 ஜனவரியில் தீவின் மேற்கு எல்லையான மாந்துவாவைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பானிய ஆளுநர் வெய்லர், பினார் டெல் ரியோவின் கிராம மக்கள் எல்லோரும் எட்டு நாளுக்குள் படை இருக்கும் ஊர்களுக்குள் வந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டார். வயல்கள் எரிந்தன, முகாம்களில் பஞ்சமும் நோயும். வினியாலெஸ் பகுதியில் 1861இல் பிறந்த அதேலா அஸ்குய் அந்த ஆண்டில்தான் கிளர்ச்சிப் படையில் செவிலியாகச் சேர்ந்து, துப்பாக்கி எடுத்து, காப்டன் பதவிவரை உயர்ந்தவர். முதன்மைத் தெருவில் அவர் பெயரில் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது.

புரட்சி ஆட்சியைப் பிடித்த 1959ஆம் ஆண்டு மே மாதம் வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைக்கு உழுதவர்களுக்கு நிலத்தைச் சொந்தமாக்கியது. கரும்பு பெரும்பாலும் அரசுப் பண்ணைகளுக்குப் போக, புகையிலை சிறு உழவர் கையிலேயே தங்கியது. கொள்கைப் பற்றைவிட இதற்குக் காரணம் பயிரின் குணம். ஒவ்வோர் இலையையும் தனித்தனியே பார்க்க வேண்டிய பயிரைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தால் இலை கெடும். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சாந்தோ தோமாஸ் குகைப் பக்கம் லெயாந்த்ரோ ரோத்ரிகெஸ் மலகோன் தலைமையில் 12 உழவர்கள் ஆயுதம் பெற்று, மலையில் திரிந்த பழைய ஆட்சியின் படைக்காரன் ஒருவனையும் அவன் கூட்டத்தையும் பிடித்தார்கள். கியூபாவின் முதல் உழவர் ஆயுதக்குழு அதுதான். எல் மொன்காதாவில் நினைவிடம் உண்டு.

இப்போது வயலுக்குப் போகலாம். மழை மே முதல் அக்டோபர்வரை. புகையிலை அந்த மழை முடிவதைக் காத்திருந்து தொடங்கும் பயிர். செப்டம்பரில் நாற்றங்கால். ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் விதை இருக்கும்; கையால் தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும், எனவே வேறெதிலாவது கலந்துதான் பாத்தியில் விடுவார்கள். மேலே வைக்கோல் மூடாக்கு. இந்த நேரத்தில் அடைமழை வந்தால் விதை அடித்துப் போகும் அல்லது நாற்று அழுகும்; திரும்ப விதைக்க வேண்டியதுதான், பருவம் பதினைந்து இருபது நாள் தள்ளிவிடும். ஒன்றரை மாதத்தில் நாற்று ஒரு சாண் அளவு வந்ததும் பிடுங்கி, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை நடுவார்கள். செடிக்குச் செடி முழத்துக்குக் குறைவு, வரிசைக்கு வரிசை ஒரு காளை நடக்கும் அகலம்.

காளை இங்கே பயணிகளுக்கான காட்சி அல்ல. நுகத்தில் பூட்டிய ஒரு ஜோடி உழுவது மெதுவுதான். ஆனால் ஈர மண்ணில் டிராக்டர் சக்கரம் ஏறினால் மண் இறுகும், இறுகிய மண்ணில் புகையிலை வேர் இறங்காது, நீர் தேங்கும். செடிகளுக்கு நடுவே களை எடுக்கவும் காளைதான் தோது. டீசல் கிடைக்காத ஆண்டுகளில் இது இன்னும் பெரிய வசதி.

நட்டு மூன்று வாரத்துக்குள் மண் அணைக்க வேண்டும். பூ மொட்டு தலைகாட்டியதும் கொழுந்தைக் கிள்ளிவிடுவார்கள். விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பும். உடனே செடி விடாது, ஒவ்வோர் இலைக் கணுவிலும் பக்கச் சிம்பு துளிர்க்கும். அதை ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் சிம்பு தடித்துவிடும், மேலிலைகள் மெலிந்துவிடும். புகையிலை உழவனின் முதுகு வளைவதற்கு நடவைவிட இந்த வேலைதான் காரணம். நீலப் பூஞ்சண நோய் என்பது இந்தப் பயிரின் பெரும் பயம்: குளிரும் ஈரமும் மூட்டமும் சேர்ந்த சில நாட்களில் இலை முழுக்கப் பரவும். 1979-80 பருவத்தில் கியூபாவின் புகையிலை கிட்டத்தட்ட முழுவதும் இதில் போனது; இன்று பயிராகும் ரகங்கள் அதற்குப் பிறகு, நோயைத் தாங்குவதற்காகத் தேடி உருவாக்கப்பட்டவை.

அறுவடை என்று ஒரு நாள் கிடையாது. கீழிலையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று இலைகளாகப் பறித்து, ஏறத்தாழ ஒரு வாரம் இடைவெளி விட்டு அடுத்த மட்டம். கீழிலை மெல்லியது, நன்றாக எரியும், காரம் குறைவு. நடு இலையில் மணம். வெயிலை முழுக்க வாங்கிய மேலிலை தடித்தது, எண்ணெய்ப் பசை மிக்கது, மெதுவாக எரியும். சுருட்டின் மையத்தில் வைப்பது இதைத்தான். உலகப் புகழ் பெற்ற மேலுறை இலைகள், துணிப்பந்தலின் நிழலில் வளர்பவை, தெற்கே சான் ஹுவான் இ மார்த்தினெஸிலும் சான் லூயிஸிலும் விளைகின்றன. வினியாலெஸில் பெரும்பாலும் திறந்த வெயிலில் வளரும் உள்ளிலைதான். இதை மறைத்து இங்கேதான் உலகின் முதல்தர இலை என்று சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

பறித்த இலையை ஊசி நூலால் இரண்டிரண்டாகக் கோத்து, நீளக் கழியின் இருபுறமும் தொங்குமாறு போடுவார்கள். ஒரு கழிக்கு நூறு இலை அளவு. கழிகள் கொட்டகைக்குள் போகும். படங்களில் வயல் நடுவே தெரியும் உயரமான, பனையோலை வேய்ந்த, சன்னல் இல்லாத கட்டடம்தான் அது. நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும்: காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய முகப்புகளில் மட்டும் படும், நீளச் சுவர்கள் சூடாகாது. கழியை முதலில் கீழே தொங்கவிட்டு, இலை பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பழுப்பாகும்போது படிப்படியாக மேலே ஏற்றுவார்கள். 45 முதல் 60 நாள். முழு வித்தையும் கதவைத் திறப்பதிலும் மூடுவதிலும்தான். காற்று வறண்டு இலை வேகமாகக் காய்ந்துவிட்டால் பச்சை நிறம் உறைந்துபோகும். அந்த இலை எத்தனை நாள் வைத்தாலும் கசக்கும். ஈரம் மிகுந்து, கழிகளை நெருக்கிப் போட்டிருந்தால் நரம்போரம் அழுகத் தொடங்கி வாடை பக்கத்துக் கழிக்கும் தாவும். பதமான இலையைக் கையில் கசக்கினால் நொறுங்காது, ஒட்டவும் ஒட்டாது.

அடுத்து நொதிப்பு. இலைகளைப் போராக அடுக்கினால் தானாகச் சூடேறும். முதல் நொதிப்பில் 35 டிகிரியைச் சுற்றி வைத்திருப்பார்கள். மீறினால் போரைப் பிரித்து, உள்ளிருந்ததை வெளியே வைத்து, மறுபடி அடுக்க வேண்டும். தவறினால் இலை கறுத்து மணம் இழக்கும். அம்மோனியா இந்தக் கட்டத்தில்தான் வெளியேறுகிறது. நொதிக்காத இலையில் சுற்றிய சுருட்டு தொண்டையைக் கிழிப்பதற்குக் காரணம் அதுவே.

விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு அரசுக்கு, அரசு சொல்லும் விலைக்கு; மீதி உழவருக்கு என்பதுதான் ஊரில் யாரைக் கேட்டாலும் வரும் கணக்கு. அந்த மீதியைத்தான் பயணிகள் வாங்குகிறார்கள். தேன், எலுமிச்சை, ரம், கொய்யா இலை என்று வீட்டுக்கு வீடு மாறும் கரைசலைத் தெளித்து ஊறவைத்து, எதிரிலேயே சுருட்டித் தருவார்கள். சுருட்டும்போது நடுநரம்பை உருவி எறிந்து, "நிகோட்டின் எல்லாம் இதில்தான் இருக்கிறது, எடுத்துவிட்டேன், இனி கெடுதல் இல்லை" என்று ஒரு வசனம் வரும். இது தவறு. இலைப்பரப்பில்தான் நிகோட்டின் அதிகம். நரம்பை எடுப்பது சுருட்டு சீராக எரியவும் கசப்பு குறையவும். முத்திரையும் ரசீதும் இல்லாத சுருட்டைக் கட்டுக்கட்டாக வாங்கிப் பையில் திணித்தால் விமான நிலையச் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யுனெஸ்கோ 1999இல் இந்தத் தாழ்நிலத்தை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, குன்றுகளுக்காக இயற்கைப் பிரிவில் சேர்க்கவில்லை. பண்பாட்டு நிலத்தோற்றம் என்று சேர்த்தது. காப்பது காளை ஏர், கொட்டகை, ஓலைக்கூரை, ஒற்றைத் தெரு ஊர் ஆகியவற்றை. குன்றுகள் யார் காவலும் இல்லாமல் நிற்கும், கொட்டகை நிற்காது. அறிவிப்புப் பலகைகளில் இதைச் சரியாக விளக்கியிருந்தால் நன்றாயிருக்கும். உழவர் புகையிலையை விட்டுவிட்டுக் குதிரைச் சவாரிக்கு மட்டும் மாறினால், பட்டியலில் உள்ள இடம் ஒரு பருவத்தில் வேறு இடமாகிவிடும். அந்த இழுப்பு உண்மையானது. சோவியத் ஒன்றியம் விழுந்த பிறகு வந்த தட்டுப்பாட்டு ஆண்டுகளில் ஊர் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தது. 1997இல் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுவதற்கு முறையான சட்டம் வந்தது. இன்று தெருவில் முக்கால்வாசி வீட்டு வாசலில் வாடகை அறை உண்டு என்று சொல்லும் நீலக் குறி தெரிகிறது. ஓர் இரவு அறை வாடகை, மாதம் முழுக்க வயலில் குனிவதைவிட எளிய பணம். பயணிகள் வரத்து நின்ற பெருந்தொற்று ஆண்டுகளில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழானது.

புயல்தான் மற்றொரு எதிரி. 2008 ஆகஸ்ட் 30 அன்று குஸ்தாவ் புயல் இந்த மாகாணத்தைத் தாக்கியபோது பாசோ ரியால் தெ சான் தியேகோவில் காற்றின் வீச்சு மணிக்கு 340 கிலோமீட்டர் என்று பதிவானது. பத்து நாள் கழித்து ஐக் வந்தது. 2022 செப்டம்பர் 27 அதிகாலை இயான், மணிக்கு 205 கிலோமீட்டர் வேகக் காற்றோடு லா கொலோமா அருகே கரையேறி மாகாணத்தைக் குறுக்கே கடந்தது. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் புகையிலைக் கொட்டகைகளில் பத்தாயிரம் அளவுக்குச் சேதம். மூன்றுமே ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் கடைசிக்கும் இடையில் வந்ததைக் கவனியுங்கள். வயலில் செடி இல்லாத காலம். எனவே அழிவது பயிர் அல்ல, கொட்டகையும் அதில் மிச்சமிருக்கும் சென்ற ஆண்டு இலையும்தான். ஆனால் கொட்டகை இல்லாமல் நட்டுப் பயனில்லை. பறித்த இலைக்குத் தொங்க இடம் வேண்டும். எத்தனை கழி தொங்க முடியுமோ அத்தனைக்குத்தான் நாற்று நட முடியும். பலகை, ஆணி, லாரி டீசல் மூன்றும் தட்டுப்பாடாக இருக்கும் நாட்டில் கொட்டகை எழும்பும் வேகம்தான் அடுத்த பல பருவங்களின் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

உயரமான கொட்டகை காற்றுக்கு முகம் கொடுக்கிறது, விழத்தான் செய்யும். அதன் பக்கத்திலேயே சில பண்ணைகளில் இன்னொரு கட்டடத்தைக் காணலாம்: வரா என் தியெர்ரா. கழிகளை நேரே தரையில் ஊன்றி, உச்சியில் சேர்த்துக் கட்டி, ஓலையைத் தரைவரை வேய்ந்தது. சுவர் கிடையாது, கூரை மட்டும். குனிந்துதான் நுழைய வேண்டும். காற்று பிடித்துத் தூக்க விளிம்பு எதுவும் இல்லாததால் சரிந்து மேலேறிப் போய்விடும். ஸ்பானியருக்கு முன்பிருந்தவர்களிடமிருந்து வந்த முறை என்பார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் குடும்பமும் விதையும் இதற்குள். சாதாரண நாளில் கருவிகளும் மக்காச்சோளமும்.

நோயைத் தண்ணீரால் மட்டும் தீர்க்கும் ஒரு சிறு கூட்டமும் இங்கே சியர்ரா தெல் இன்பியர்னோ சரிவில் வாழ்கிறது. 1936இல் அந்தோனிகா இஸ்கியெர்தோ என்ற ஏழைப் பெண், கன்னி மரியாள் சொன்னதாகத் தன் குழந்தையைத் தண்ணீரால் குணப்படுத்தினார் என்று செய்தி பரவி, ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அரசு அவரைப் பிடித்து மனநல மருத்துவமனையில் அடைத்தது, அங்கேயே இறந்தார். அவரைப் பின்பற்றியவர்களின் சில குடும்பங்கள்தான் இன்றைய அக்வாத்திகோஸ். சூரியன் எழுவதைக் காட்ட வழிகாட்டிகள் ஆட்களை அங்கே அழைத்துப் போகிறார்கள். அது அவர்களுடைய வீடு என்பதை மறக்காமல் போனால் சரி.

போகிறவர்களுக்கு: குளிர்கால விடியலில் தாழ்நிலம் மூடுபனியால் நிறைந்து குன்றுகளின் தலை மட்டும் தெரியும், எட்டு ஒன்பது மணிக்குள் கலைந்துவிடும். தேசியப் பூங்கா எல்லைக்குள் மௌனப் பள்ளத்தாக்குப் பக்கம் போக உள்ளூர் வழிகாட்டி வேண்டும். மழைக்காலச் செம்மண் சறுக்கும், துணியில் பட்டால் போகாது. மின்வெட்டு மணிக்கணக்கில் நீள்வதால் கைவிளக்கும் மின்சேமிப்புக் கருவியும் எடுத்துப் போங்கள். நடவு பார்க்க நவம்பர், பறிப்புக்கு ஜனவரி பிப்ரவரி, கொட்டகை நிறைந்திருக்க மார்ச். ஏப்ரலுக்குப் பிறகு அதே வயலில் மண்ணில் மிஞ்சிய உரத்தை உண்டு மக்காச்சோளம் வளரும், மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கூட. ஜூலையில் புகையிலைச் செடி எங்கே என்று கேட்டால் உழவர் சிரித்துவிட்டுச் சோளக் கொல்லையைத்தான் காட்டுவார்.